கரிசல் ஏன் சாம்பலாச்சு?

கறுப்பு என்பது ஒரே ஒரு நிறம் என்று நினைப்பவர்கள், கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் வழியாக விளாத்திகுளம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்காரலாம். ஐப்பசியில் மழை விழுந்த மறுநாள் போனால், ரெண்டு பக்கமும் மண், அடுப்பிலிருந்து இறக்கின சட்டியின் அடிப்பக்கம் மாதிரி இருக்கும். தை மாசம் பயிருக்கு நடுவே எட்டிப் பார்க்கிற மண் இன்னொரு கறுப்பு. சித்திரையில் அதே மண் காய்ந்து, எருமைத் தோல் நிறத்துக்கு வந்து, கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்புக்குள்ளே எட்டிப் பார்த்தால் அது வேறு கறுப்பு. கோடை உழவில் கொழு புரட்டிப் போடுகிற கட்டியின் ஓரத்தில் ஒரு பளபளப்பு தெரியுமே, அது நாலாவது.

இந்த நாலு கறுப்பையும் படம் பிடித்து, சுவரில் பெரிசாகப் போட்டுக் காட்ட எந்த மெஷின் தோதானது? பழைய ஃபிலிம் ஸ்லைடு புரொஜெக்டரா? இப்போது கல்யாண மண்டபம் வரைக்கும் வந்துவிட்ட டிஜிட்டல் புரொஜெக்டரா?

'இதெல்லாம் ஒரு கேள்வியா?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். புகைப்படக்காரர்கள் நாலு பேர் கூடுகிற இடத்தில் இது இன்னமும் ஓயாத சண்டை. 'ஸ்லைடு மாதிரி வருமாய்யா?' என்று ஒரு கட்சி. 'அதெல்லாம் மியூசியத்துல வையுங்க சார்' என்று இன்னொரு கட்சி. ரெண்டு கட்சியும் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதியில்தான் விஷயமே இருக்கிறது.

ஸ்லைடைப் பார்த்தே இராத இளைய வாசகர்களுக்காக ஒரு சின்ன முன்னுரை. ஸ்லைடு என்பது நெகட்டிவ் இல்லை. கேமராவுக்குள் ஓடிய அதே ஃபிலிம்தான். கழுவி எடுத்ததும் வெள்ளை வெள்ளையாகவும் கறுப்பு கறுப்பாகவும் நேராக வரும். அகலம் 36 மில்லிமீட்டர், உயரம் 24 மில்லிமீட்டர். அதை ரெண்டு அங்குலச் சதுரச் சட்டத்தில் மாட்டி, பின்னால் விளக்கு, முன்னால் லென்ஸ் வைத்தால் சுவரில் படம். நடுவில் கம்ப்யூட்டர் கிடையாது, பிரிண்ட் போடுகிறவர் கிடையாது. வயலில் நின்ற வெளிச்சம் எந்த ஃபிலிமைத் தொட்டதோ, அதே ஃபிலிம் வழியாகத்தான் விளக்கு வெளிச்சம் சுவருக்கு வருகிறது. 'ஒரிஜினல்' என்று பழைய ஆட்கள் உருகுவது இதைத்தான்.

கோடக் கம்பெனியின் கோடாக்ரோம் 1935-ல் வந்தது. வட்டத் தட்டில் 80 ஸ்லைடை அடுக்கி வைத்து, 'டக்' 'டக்' என்று ஒவ்வொன்றாக இறக்கும் கரவுசெல் புரொஜெக்டர் 1961-ல் வந்தது. 2004-ல் ஸ்லைடு புரொஜெக்டர் செய்வதை கோடக் நிறுத்தியது. 2009-ல் கோடாக்ரோமையும் நிறுத்தியது. கடைசியாகத் தயாரான சுருளை ஸ்டீவ் மெக்கரி என்ற புகைப்படக்காரரிடம் கொடுத்தார்கள். அவர் அதில் கொஞ்சம் படங்களை எடுக்க இந்தியாவுக்கு வந்தார். அந்த ஃபிலிமைக் கழுவிக்கொண்டிருந்த கடைசி லேப் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் இருந்தது. 2010 டிசம்பர் 30 அதற்குக் கடைசி நாள். எக்டாக்ரோம் என்ற இன்னொரு ஸ்லைடு ஃபிலிமை நிறுத்திவிட்டு, 2018-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆனால் ஒரு சுருள் விலையைக் கேட்டால் நம்மில் பலர் கேமராவை உறைக்குள் போட்டுவிடுவோம்.

முன்னுரை போதும். சுவருக்கு வருவோம்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் எனக்கு ஒரு நண்பர். பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். 80-களிலும் 90-களிலும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கரிசல் காட்டை ஸ்லைடு ஸ்லைடாக எடுத்து வைத்திருக்கிறார். அவர் மகள் டிஜிட்டல் கேமராக்காரி. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு சாயங்காலம், அவர் வீட்டு வெள்ளையடித்த சுவரில் ரெண்டையும் போட்டுப் பார்த்தோம். ஒரே படம், ரெண்டு மெஷின். முதலில் ஸ்லைடு. அப்புறம் அதே ஸ்லைடை ஸ்கேன் செய்து, வாடகைக்கு எடுத்த டிஜிட்டல் புரொஜெக்டரில்.

படம் சாதாரணமானதுதான். உழுது போட்ட காடு. தூரத்தில் குருமலை. முன்னால் ஒரு சாக்குப் பையில் பருத்தி.

ஸ்லைடில் மண் கறுப்பாக இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் அந்தக் கறுப்புக்குள் கட்டி, பள்ளம், கொழு போன தடம் எல்லாம் இருந்தது. பருத்தி அதன்மேல் வெள்ளையாக உட்கார்ந்திருந்தது.

அதே படம் டிஜிட்டலில் வந்ததும், வாசல் திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்த பெரியவர் ஒருத்தர்தான் முதலில் தீர்ப்புச் சொன்னார்: "என்ன அண்ணாச்சி, நம்ம மண்ணு சிமெண்டுத் தரை மாதிரில்லா தெரியுது!"

உண்மைதான். கரிசல் சாம்பலாகியிருந்தது.

*

ஏன்? இது ரசனை சமாசாரம் இல்லை, கணக்கு சமாசாரம்.

ஸ்லைடு ஃபிலிமில் ரொம்ப அடர்ந்த கறுப்பு, பின்னால் எரிகிற விளக்கின் வெளிச்சத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட வெளியே விடாது. சாத்தின கதவு சாத்தினதுதான். எல்.சி.டி. வகை டிஜிட்டல் புரொஜெக்டரில் சங்கதி வேறு. விளக்கு பாட்டுக்கு முழு வேகத்தில் எரிந்துகொண்டே இருக்கும். கறுப்பு வேண்டும் என்றால், உள்ளே இருக்கிற லட்சக்கணக்கான குட்டிக் கதவுகள் மூடிக்கொள்ள வேண்டும். அந்தக் கதவுகள் முழுசாக மூடாது. இடுக்கு வழியாக வெளிச்சம் கசியும். டி.எல்.பி. என்ற இன்னொரு வகையில் கதவுக்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் கண்ணாடிகள். வெளிச்சத்தை வேறு பக்கம் திருப்பிவிடும். அதிலும் கொஞ்சம் சிதறும். நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இருட்டு அறையில் சாதாரண ஆபீஸ் புரொஜெக்டரைப் போட்டு, முழுக் கறுப்புப் படம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். சுவரில் ஒரு சாம்பல் செவ்வகம் மினுமினுக்கும். அதுதான் அந்த மெஷினுக்குத் தெரிந்த கறுப்பு.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அது மெஷினுக்கு வெளியே இருக்கிறது. எந்த புரொஜெக்டராலும் சுவரில் கறுப்பைப் பூச முடியாது. வெளிச்சத்தைத்தான் போட முடியும். வெளிச்சம் போடாத இடத்தில் சுவர் எவ்வளவு இருட்டோ, அதுதான் படத்தின் கறுப்பு. ஸ்லைடு புரொஜெக்டரில் 250, 300 வாட் ஹாலஜன் விளக்கு. சோனியான வெளிச்சம். அதனால் ஜன்னலை அடைத்து, கதவுக்குப் போர்வை தொங்கவிட்டு, டியூப் லைட்டை அணைத்தால்தான் படமே தெரியும். சோனியாக இருந்ததால் அது நம்மை இருட்டுக்குள் உட்காரவைத்தது. 3000 லுமென் டிஜிட்டல் புரொஜெக்டர் வந்ததும் நமக்குத் தைரியம் வந்துவிட்டது. லைட் எரியட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும், டீ போகட்டும் வரட்டும், படம் 'தெரியுதுல்ல?' என்கிறோம். தெரிகிறது. கறுப்பு மட்டும்தான் தெரியவில்லை.

காஷ்மீர் பனியையோ, கன்னியாகுமரிக் கடலையோ இப்படிக் காட்டினால் பாதி பிழைத்துக்கொள்ளும். கரிசல் பிழைக்காது. அந்த ஊரின் அடையாளமே கறுப்பு. அதைச் சாம்பலாக்கிவிட்டால், அது எந்த ஊர் நிலமாகவும் இருக்கலாம்.

அடுத்தது புள்ளிக் கணக்கு. நான் பி.காம். படித்தவன், கையில் கணக்கு கிடைத்தால் விட மனசு வராது. 12 மெகாபிக்ஸல் கேமராவில் எடுத்த படத்தில் 4000-க்கு 3000, ஆக 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். வாடகைக் கடைகளில் வெகுகாலம் கிடைத்துவந்த சாதாரண புரொஜெக்டரில் 1024-க்கு 768. பெருக்கினால் 7,86,432. கோடிக் கணக்கில் சம்பாதித்து, லட்சக் கணக்கில் செலவழிக்கிறோம். படத்தை நிமிர்த்தி எடுத்திருந்தால் இன்னும் மோசம். பனைமரம், கழுகுமலைச் சமணச் சிற்பம், தலையில் தீப்பெட்டிக் கட்டைச் சுமந்து நிற்கிற பெண் எல்லாமே நிமிர்ந்த படங்கள்தானே? அவை அந்தப் படுத்த செவ்வகத்துக்குள் 576-க்கு 768-ஆகச் சுருங்கும். ரெண்டு பக்கமும் காலி. மொத்தம் 4,42,368 புள்ளி. எடுத்த நூறு புள்ளிக்கு நாலு புள்ளிகூடச் சுவருக்கு வந்து சேராது. ஸ்லைடில் இந்தப் பிரச்னையே கிடையாது. சட்டம் சதுரம். நிமிர்த்திச் செருகினால் பனைமரம் பனைமர உயரத்துக்கே நிற்கும்.

இந்தப் புள்ளிப் பஞ்சம் இப்போது தீர்ந்துவருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 4கே என்று விற்கிற புரொஜெக்டரில் 3840-க்கு 2160, சுமார் 83 லட்சம் புள்ளி. பத்தடிச் சுவரில் அதற்குமேல் நம் கண் கேட்காது. ஆகவே 'டிஜிட்டலில் விவரம் வராது' என்ற பழைய கட்சியின் வாதம் காலாவதியாகிவிட்டது. கறுப்பு வாதம் மட்டும் ஆகவில்லை.

*

கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு நிறத்தைப் பற்றிப் பேசுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. நம் வீட்டுப் பூஜையறை சாமி படங்களில் ஒரு பெரும் பங்கு இந்த ஊரில் பிறந்ததுதான். ஓவியர் சி. கொண்டையராஜு (1898-1976) சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதி, 1940-களில் கோவில்பட்டியில் நிலைகொண்டவர். தேவி ஆர்ட் ஸ்டூடியோ அவருடையது. அவரும், டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் போன்ற சீடர்களும் எழுதிய முருகனும் லட்சுமியும் பக்கத்து சிவகாசியில் காலண்டராக அச்சாகி, இந்தியா முழுக்கச் சுவரில் தொங்கினார்கள்.

அந்த சிவகாசி அச்சகங்களில் ஒரு பால பாடம் உண்டு. கலர் படம் நாலு பிளேட்டில் ஏறும். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. முதல் மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்று அடித்தால் தத்துவப்படி கறுப்பு வர வேண்டும். நடைமுறையில் கலங்கின பழுப்புதான் வரும். நாலாவதாகக் கறுப்பு ஏறினதும்தான் சாமிக்குக் கண்ணே திறக்கும். புருவம், கூந்தல், நகையின் ஓரம் எல்லாம் 'நிற்கும்'. கலரைத் தாங்கிப் பிடிப்பது கறுப்புதான் என்பது அங்கே மெஷின் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். லேப்டாப்பில் படம் போட்டுக் காட்டுகிறவர்களுக்குத்தான் மறந்துபோச்சு.

சினிமா தியேட்டர் ஸ்லைடு இந்தப் பாடத்தைத் தினசரி நாலு காட்சி நடத்திக்கொண்டிருந்தது. படம் தொடங்கும் முன்னாலும் இடைவேளையிலும் கண்ணாடி ஸ்லைடுகள் வருமே... 'புகை பிடிக்காதீர்', ஜவுளிக்கடை, நகைக்கடை, 'விரைவில் வருகிறது'. உள்ளூர் ஆர்ட்டிஸ்ட் கையால் எழுதியவை. சிலதில் எழுத்து கோணலாக இருக்கும். ஆனால் எழுத்தைச் சுற்றி நல்ல கறுப்பு. அதனால் 'சேலைகள் - ரவிக்கைத் துணிகள்' என்ற சாதாரண வரிகூட இருட்டில் மிதப்பது மாதிரி வந்து நிற்கும். 2005 வாக்கில் க்யூப், யு.எஃப்.ஓ. போன்ற டிஜிட்டல் முறைகள் தமிழ்நாட்டுத் தியேட்டர்களுக்குள் நுழைந்தன. அடுத்த பத்து வருஷத்துக்குள் ஃபிலிம் பெட்டியே போய்விட்டது. அதோடு ஸ்லைடும் போயிற்று. தியேட்டருக்கென்றே செய்த டிஜிட்டல் புரொஜெக்டர்கள் ஆபீஸ் ரகம் இல்லை. இருட்டு அரங்கில் அவை நல்ல கறுப்பையே காட்டும். ஆக, டிஜிட்டல் என்றாலே சாம்பல்தான் என்பது கிடையாது. அரங்கை இருட்டாக்கி, அதற்கான மெஷினை வைத்தால் கறுப்பு வரும்.

*

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு ஸ்லைடு கட்சிக்காரர்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள். பேரேட்டில் ஒரு பக்கம் மட்டும் எழுதினால் கணக்கு நேராகாது. மறுபக்கம் இதோ.

அன்று சாயங்காலம் நண்பரின் ஸ்லைடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு படம். உச்சி வெயில், பருத்திக் காடு, குனிந்து பருத்தி எடுக்கிற ஒரு பெண். வானம் நீலம், பருத்தி வெள்ளை, சேலை சிவப்பு. போட்டியில் அனுப்பினால் பரிசு வாங்குகிற படம். அந்தப் படத்தில் இருந்த அம்மாவே வந்திருந்தார், இப்போது பாட்டியாக.

சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சேலை என்னுதுதான். மூஞ்சியத்தான் காணோமே?" என்றார்.

யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. ஏனென்றால் மூஞ்சி நிஜமாகவே இல்லை. முந்தானை முக்காட்டு நிழலில் முகம் இருந்த இடத்தில் கறுப்பு மட்டும்தான் இருந்தது.

இது நண்பரின் குற்றம் இல்லை. ஸ்லைடு ஃபிலிமின் குணமே அது. வெயிலுக்கும் நிழலுக்கும் நடுவே அதற்குத் தாங்குகிற இடைவெளி ரொம்பக் குறைச்சல். கேமரா பாஷையில் சொன்னால் ஐந்து, ஆறு ஸ்டாப். கரிசல் காட்டு உச்சி வெயிலில் வெள்ளைப் பருத்திக்கும் முக்காட்டு நிழலுக்கும் உள்ள தூரம் அதைவிட அதிகம். ரெண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும். பருத்தி வெளிறிப் போனால் ஸ்லைடே பாழ் என்பதால் எல்லோரும் பருத்தியைக் காப்பாற்றினார்கள். முகத்தை விட்டுவிட்டார்கள். அதற்கு 'சில்அவுட்' என்று ஒரு அழகான பெயரும் வைத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்து ஸ்லைடுகளைப் பார்த்தால், கரிசல் ஜனங்கள் முகமே இல்லாத நிழல் மனிதர்களாக அஸ்தமனத்தை நோக்கி நடந்துகொண்டே இருப்பார்கள்.

அப்புறம் நண்பரின் மகள் தன் டிஜிட்டல் படங்களைப் போட்டார். அதே காடு, அதே மாதிரி வெயில். ஆனால் முக்காட்டுக்குள் முகம் இருந்தது. கண்ணோரச் சுருக்கம், வெற்றிலைக் காவி, வியர்வை. நிழலிலிருந்து முகத்தை மீட்டெடுக்க டிஜிட்டலில் வழி இருக்கிறது. வந்திருந்தவர்கள் அதுவரை படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது தங்களைப் பார்த்தார்கள். "ஏய், நம்ம மதினிடீ!" என்று சத்தம், சிரிப்பு. எடுத்த ரெண்டாம் நாளே அவர்களுக்குக் காட்ட முடிந்தது. ஸ்லைடு காலத்தில் சுருளை வெளியூருக்கு அனுப்பி, கழுவி வந்து, சட்டம் போட்டு... அதற்குள் அறுவடையே முடிந்திருக்கும். படத்தில் இருந்தவர்கள் அதைப் பார்த்ததே இல்லை. போட்டி நடுவர்கள் பார்த்தார்கள்.

ஸ்லைடின் மற்ற பாவங்களையும் எழுதிவிடலாம். ஒரே ஒரு பிரதி. தொலைந்தால் தொலைந்ததுதான். மழைக் காலத்தில் பூஞ்சை பிடிக்கும். விளக்குச் சூட்டில் ஃபிலிம் லேசாக உப்பி, ஃபோகஸ் நழுவும். எல்லாவற்றையும்விட விசித்திரம், காட்டக் காட்டத் தேயும். கோடாக்ரோமை இருட்டில் பூட்டி வைத்தால் பல பத்தாண்டுகள் நிறம் மாறாமல் கிடக்கும். புரொஜெக்டரில் போடப் போட வெளிறும். யாருக்கும் காட்டாமல் இருந்தால்தான் நன்றாக இருக்கும் என்றால், அது நகையை லாக்கரில் வைப்பது மாதிரி. இருக்கிறது என்ற நிம்மதி மட்டும்தான் மிச்சம்.

ஆக, கணக்கு இப்படி முடிகிறது. ஸ்லைடு மண்ணைக் காட்டியது, மனுஷனைத் தொலைத்தது. டிஜிட்டல் மனுஷனைக் காட்டுகிறது, மண்ணைத் தொலைக்கிறது.

*

இங்கேயே முடித்து, 'ரெண்டிலும் நல்லது உண்டு, கெட்டது உண்டு' என்று எழுந்து போகலாம். ஆனால் ஒரு வித்தியாசத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஸ்லைடு முகத்தைத் தொலைத்தது அதன் கையாலாகாத்தனம். டிஜிட்டல் கறுப்பைத் தொலைப்பதில் பாதிக்குமேல் நம் கைங்கரியம்.

புரொஜெக்டரை ஆன் செய்ததும் நாம் முதலில் செய்கிற காரியம் என்ன? 'இன்னும் கொஞ்சம் பிரைட்டா வைங்க.' மெனுவுக்குள் போய் 'டைனமிக்', 'விவிட்' என்று இருப்பதில் கண்ணைக் கூசுகிற ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம். கம்ப்யூட்டரில் படத்தைத் திருத்தும்போதும் நிழல் பகுதியைத் தூக்கு, தூக்கு என்று தூக்குகிறோம். நிழலிலிருந்து முகத்தை மீட்ட அதே வசதிதான். முகத்தோடு நிறுத்தத் தெரியவில்லை. மண்ணையும் சேர்த்துத் தூக்குகிறோம். அப்புறம் முகத்தையும் விடுவதில்லை. எந்த ஊர் ஸ்டூடியோவிலும் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் பிறந்த நிறத்தைவிட நாலு படி மேலே ஏறி உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கம்பெனி 2020-ல் தன் முகப் பூச்சின் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற வார்த்தையையே எடுத்துவிட்டது. நம் போட்டோக்களிலிருந்து அது இன்னும் போகவில்லை.

ஃபிலிம் மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. மேல்நாட்டு பிரிண்ட் லேபுகளில் நிறம் சரியாக வருகிறதா என்று பார்க்க, ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் போட்ட அட்டையைத்தான் பல வருஷம் அளவுகோலாக வைத்திருந்தார்கள். 'ஷெர்லி கார்டு' என்று பெயர். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி. நம் முகம் எப்படி வருகிறது என்று கேட்க அந்த அறையில் ஆள் இல்லை. அதை மாற்ற நமக்கு அன்று வழியும் இல்லை. இன்று அளவுகோல் நம் கையில் இருக்கிறது. எலியை ஒரு அங்குலம் இந்தப் பக்கம் நகர்த்தினால் போதும். நாம் நகர்த்துவதோ எப்போதும் வெளுப்புப் பக்கம்.

அதனால்தான் சொல்கிறேன், சாம்பலாகிப்போன கரிசலுக்கு மெஷினை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. ஸ்லைடுக்குக் கறுப்பை மறைக்கத் தெரியாது. அதனால் நாம் கறுப்பைப் பார்த்தோம். டிஜிட்டல் 'வேணுமா, வேண்டாமா?' என்று நம்மைக் கேட்கிறது. நாம் வேண்டாம் என்கிறோம்.

பரிகாரம் ரொம்ப எளிசு. புது மெஷின்கூட வேண்டாம். ஜன்னலை அடையுங்கள். டியூப் லைட்டை அணையுங்கள். பிரைட்னஸைக் குறையுங்கள். 'டைனமிக்'கை விட்டு 'சினிமா' என்று மெனுவில் இருப்பதற்குப் போங்கள். அஞ்சு நிமிஷம் இருட்டில் உட்கார்ந்து கண் பழகினதும் படத்தைப் போடுங்கள். 300 படம் வேண்டாம், 40 போதும். வட்டத் தட்டில் 80-க்குமேல் இடம் இல்லாததால் ஸ்லைடுக்காரர்கள் பொறுக்கி எடுத்தார்கள். பென் டிரைவில் இடம் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் பார்க்க நாங்கள் கடன்பட்டவர்கள் இல்லை. படம் காற்றாடி மாதிரி சுற்றிக்கொண்டு வந்து உட்காருவதும், பின்னணியில் புல்லாங்குழலும் தயவுசெய்து வேண்டாம்.

பெட்டியில் பழைய ஸ்லைடு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவற்றை அடிக்கடி போட்டுக் காட்டாதீர்கள். ஈரம் படாமல், இருட்டில் வையுங்கள். நல்ல ஸ்கேன் ஒன்று எடுத்து, ஊருக்கு அதைக் காட்டுங்கள். ஸ்கேன் பண்ணுகிறவரிடம், 'நிழலைத் தூக்காதீங்க தம்பி, மண்ணு கறுப்பாவே இருக்கட்டும்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் தூக்கிவிடுவார்.

கி.ரா.வுக்குக் கோவில்பட்டியில் நினைவரங்கம் கட்டி 2022-ல் திறந்திருக்கிறார்கள். இலக்கியக் கூட்டங்களுக்கும் அந்த ஊரில் குறைவில்லை. கரிசல் படங்களை எங்கே போட்டுக் காட்டினாலும், கூட்டம் நடத்துகிறவர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றுதான். மைக் டெஸ்டிங் செய்கிற மாதிரி, கறுப்பு டெஸ்டிங்கும் செய்யுங்கள். கரிசல் மண் ஒரு பிடியைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி எடுத்துவந்து, திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரெண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போகிற வரைக்கும் படத்தைத் தொடங்காதீர்கள். அந்த ஊரில் கரிசல் மண்ணுக்கு யாரும் காசு கேட்கப்போவதில்லை.